அவர் தூங்குகிறார் என்று சொன்னவள்

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்தபடி நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில் வனஜா வசிக்கிறாள். வந்தவாசிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் நெமிலிச்சேரியில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தாள். பிறகு, கணவர் அழகேசன் வேலை பார்த்த பாதுகாப்புத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் அவள் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது. அவர் ஃபோர்மேனாக ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தச் சொந்த வீடு.

குவார்ட்டர்ஸில் அழகேசனைத் தெரியாதவர் கிடையாது. யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், யார் வீட்டு ஃபேன் முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்க்ரூடிரைவரோடு போனால் வேலை முடிந்தும் வரமாட்டார். பேச்சு சுவாரசியம். அவர் சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டால் ஒரு கூட்டமே சேர்ந்துவிடும். வனஜா டீ போட்டுக் கொடுத்தே ஓய்ந்துபோவாள். அந்தக் கூட்டத்தில் ஒரு வாரமும் தவறாமல் வருகிறவர் தட்சிணாமூர்த்தி. அழகேசனும் அவரும் தொழிற்சாலையில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒருவர் டிபன் பாக்ஸை இன்னொருவர் கேட்காமல் திறந்து சாப்பிடுகிற சிநேகம். ஓய்வு பெற்றபின் தட்சிணாமூர்த்தி பட்டாபிராமில் வீடு கட்டிக்கொண்டு போனார். ஆனாலும் ஞாயிறு என்றால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டுக்கு வந்துவிடுவார்.

நோய் ஒரு மிக்ஸியில்தான் தொடங்கியது என்று வனஜா சொல்வாள். எதிர் வீட்டுக்காரம்மா பழுது பார்க்கக் கொடுத்த மிக்ஸி. அழகேசன் தரையில் பேப்பர் விரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பரப்பினார். பிறகு அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் எல்லாவற்றையும் அதே பேப்பரில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்தம்மா வந்து கேட்டபோது, "மிக்ஸியா? நீங்க குடுக்கவே இல்லியேம்மா" என்றார். பொய் சொல்கிற முகமில்லை. அதனால்தான் வனஜா பயந்தாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இது வயசான மறதி இல்லை, மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிற நோய் என்றார். குணமாகாது, வேகத்தைக் குறைக்கப் பார்க்கலாம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"சொந்தக்காரங்க, அக்கம்பக்கம் எல்லார்கிட்டயும் சொல்லி வைங்கம்மா. இத ஒரே ஆளா பாத்துக்க முடியாது."

வனஜா தலையாட்டினாள். வெளியே வந்ததும் அதற்கு நேர்மாறாகச் செய்தாள்.

அப்போது அவர்களுடைய ஒரே மகள் ஸ்வாதிக்குக் கோயம்புத்தூரில் ஓர் இடம் கூடி வந்துகொண்டிருந்தது. நல்ல குடும்பம். மாப்பிள்ளைக்கும் ஸ்வாதியைப் போலவே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இந்தச் சமயத்தில் 'மூளை' என்ற சொல் வெளியே போனால் என்ன ஆகும்? பரம்பரை வியாதியா என்பார்கள், பெண்ணுக்கும் வருமா என்பார்கள். கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வனஜா முடிவு செய்தாள். மகளிடமும் சொல்லவில்லை. கல்யாண மண்டபத்தில் கணவரின் கையை விடாமல் பக்கத்திலேயே நின்று, வருகிறவர் பெயரை அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள், "இந்த வயசுலயும் என்ன ஒத்துமை பாருங்க" என்றார்கள்.

கல்யாணம் முடிந்தது. சொல்ல முடியவில்லை. இப்போது சொன்னால், 'மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க' என்ற பேச்சு ஸ்வாதியின் தலையில்தானே விழும்? அதனால் அழகேசனுக்குச் சுகர் அதிகம், காது கொஞ்சம் மந்தம் என்று ஆனது. ஸ்வாதி போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டு, என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை வனஜா வாயசைத்துக் காட்டுவாள். ஊருக்கு வருகிறேன் என்று மகள் சொன்னால், வெயில் அதிகம், தண்ணீர் கஷ்டம் என்று தள்ளிப்போடுவாள்.

தட்சிணாமூர்த்தியை அப்படிச் சமாளிக்க முடியவில்லை. அவர் நேரில் வருகிறவர். கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழகேசன் அவரிடம், "உன் பையனுக்கு வேலை கெடைச்சுதாடா?" என்று கேட்டார். பதில் சொன்னதும் கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டார். பிறகு மறுபடி.

"என்னடா, ரெக்கார்டு தேஞ்சு போச்சா?" என்று தட்சிணாமூர்த்தி சிரித்தார். அழகேசனும் சிரித்தார். டீ கொண்டுவந்த வனஜா சிரிக்கவில்லை. இவர் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் பட்டாபிராமில் தெரியும், குவார்ட்டர்ஸில் தெரியும், கோயம்புத்தூர் வரைக்கும் போய்விடும்.

அடுத்த ஞாயிறு பெல் அடித்தபோது கதவைப் பாதி திறந்து, "அவர் தூங்கறாரு அண்ணா" என்றாள்.

அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னாள். தட்சிணாமூர்த்தி சந்தேகப்படவில்லை. "தூங்கட்டும்மா, எழுப்பாதே" என்று கீழே போனார். மூன்றாவது முறை அவர் வந்தபோது, "இப்பதான் வெளிய போனாரு" என்றாள். அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு வனஜா? தச்சிணாவா?"

தட்சிணாமூர்த்தி அவளைப் பார்த்தார். அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஒதுங்கி வழிவிடவில்லை. அவர் மாடிப்படியில் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தவளிடம் அழகேசன் மறுபடி, "தச்சிணாதானே?" என்றார்.

"இல்லீங்க. சிலிண்டர் போடற ஆளு" என்றாள்.

தட்சிணாமூர்த்தி அதன்பின் வரவில்லை. அழகேசன் சில மாதங்கள் ஞாயிறு, வெள்ளி என்ற வித்தியாசமில்லாமல் சாயங்காலங்களில் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பார். யாருக்குக் காத்திருக்கிறோம் என்பது மறந்த பின்னும் காத்திருக்கும் பழக்கம் மட்டும் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு அதுவும் போனது.

வனஜா கிரில் கதவுக்குப் பூட்டுப் போட்டாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னாள். விடிந்ததும் அழகேசன் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையைத் தேடுவார். இன்றைக்கு லீவு என்று அவள் சொல்ல வேண்டும். குளிக்க வைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குள் இன்னும் சோறு போடவில்லையே என்பார். ஒருநாள் குழம்புச் சட்டியில் அவர் கையை விடப் போனபோது, வனஜா கரண்டியால் அந்தக் கையில் ஓங்கி அடித்தாள். கொதிக்கிறதே என்ற பயத்தில் அடித்ததாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயம் மட்டும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அவர் அழவில்லை. அடிபட்ட கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கம்மா" என்றார். அவளை 'அம்மா' என்று மரியாதையோடு அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இப்படியே ஆண்டுகள் போயின. ஒரு மே மாதக் காலையில் வனஜா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். பூட்டை மாட்டினாள், அழுத்த மறந்துவிட்டாள். திரும்பி வந்தபோது பால்கனி நாற்காலி காலியாக இருந்தது. அழகேசனின் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

அவள் கத்தவில்லை. யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு, அவசரமில்லாதவள் போலப் படியிறங்கி, ஏரிக்கரை நடைபாதைக்கு வேகமாக நடந்தாள். எதிரே காதில் இயர்போனோடு இரண்டாம் மாடி நிஷா வந்துகொண்டிருந்தாள். ஐ.டி. வேலை. திருநெல்வேலிப் பெண்.

"என்ன ஆன்ட்டி, வாக்கிங்கா?"

"ஆமாம்மா" என்றாள் வனஜா. சிரிக்கவும் சிரித்தாள்.

அந்த ஒரு 'ஆமாம்மா'வை அவளால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்றைக்கு நிஷாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அழகேசன் ஆவடியைத் தாண்டுவதற்கு முன்பே கிடைத்திருப்பார்.

ஏரியைச் சுற்றினாள். ஆவடி மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, தொழிற்சாலை கேட் என்று தேடினாள். யாரிடமும் 'என் வீட்டுக்காரருக்கு மறதி நோய்' என்று சொல்லவில்லை. "போனை வீட்லயே வெச்சுட்டுப் போயிட்டாரு, இந்தப் பக்கம் வந்தாரா?" என்று மட்டும் கேட்டாள். உச்சி வெயிலில் திரும்பி வந்தவள் மாடி ஏறவில்லை. முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பார்சல் வாங்குவதற்காகக் கீழே வந்த நிஷா அவளைப் பார்த்துப் பதறிக் குனிந்தாள்.

"ஆன்ட்டி, என்னாச்சு?"

"எங்க வீட்டுக்காரரைக் காணோம்மா. அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. பேரு கேட்டாக்கூடச் சொல்லத் தெரியாது." அவள் முதன்முதலாக வெளியே சொன்ன உண்மை அதுதான்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று நிஷா கேட்கவில்லை. "என்ன கலர் சட்டை ஆன்ட்டி? போட்டோ இருக்கா?" என்றுதான் கேட்டாள். படியில் உட்கார்ந்தபடியே போட்டோவையும் விவரத்தையும் குடியிருப்பு குரூப்பில் போட்டாள். அங்கிருந்து அது எங்கெங்கோ போனது. வாட்ச்மேனைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, போன் வந்தது. பேசியவர் பட்டாபிராம் ஆட்டோ ஸ்டாண்டைச் சேர்ந்த பூபாலன்.

"யக்கா, ஒண்ணும் பயப்படாத. உங்கூட்டு பெரியவரு இங்க நெமிலிச்சேரில கீறாரு. ஒரு ஊட்டு கேட்டாண்ட குந்திகினு கீறாரு. நான் கூடவே கீறேன். நீ வந்து சேரு."

நெமிலிச்சேரி என்றதுமே வனஜாவுக்குப் புரிந்துவிட்டது. காலையிலேயே புரிந்திருக்க வேண்டும். 'வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்' என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இதுதான் வீடு என்று அவள் எரிந்து விழுந்திருந்தாள். எந்த வீடு என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

நிஷாவின் காரில் போனார்கள். அவர்கள் முதலில் குடியிருந்த ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது கருங்கல் பதித்த மாடி வீடு. அதன் கேட்டுக்கு வெளியே, ஆட்டோ நிழலில், அழகேசன் இளநீர்க் காயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. சட்டையில் ரத்தம். பாதங்கள் இரண்டும் கொப்புளித்திருந்தன. அவ்வளவு தூரம் எப்படி வந்தார், நடந்தா, ரயிலிலா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவளைப் பார்த்ததும் கோபமாக, "எங்க போயிட்ட? சாவி உங்கிட்டதான இருக்கு?" என்றார்.

நடந்ததைப் பூபாலன் சொன்னார். "இது என் ஊடுன்னு கேட்டைப் புட்சி ஆட்டிகினு இருந்துகீறாரு. உள்ள ஒரு கொய்ந்த வெளாடிகினு இருந்துச்சாம். புள்ள புடிக்கிறவன்னு நெனச்சு ரோட்டுல போன பசங்க நாலு பேரு கைய வெச்சுட்டானுங்க. எங்க ஸ்டாண்டு குரூப்புல போட்டோ வந்துச்சு, அந்நேரம் நானு இந்தாண்ட சவாரி எறக்கிட்டு வரேன். பாத்தா இவுருதான். டேய், உடுங்கடா, பெரியவருக்கு ஞாபகம் இல்லடான்னு கத்திகினே ஓடியாந்தேன். அதுக்குள்ள இப்டி ஆயிப்போச்சு."

அந்த வீட்டுப் பெண் கேட்டுக்குள் நின்று அழுதுகொண்டிருந்தாள். "நான்தாங்க சத்தம் போட்டேன். எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா உள்ள கூப்ட்டு உக்கார வெச்சிருப்பேன்" என்றாள்.

வனஜா அவளைச் சமாதானப்படுத்த வாயெடுத்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். தெரியாமல் செய்தது அந்தப் பெண். தெரிந்தே, யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டது வனஜா.

பூபாலன் கிளம்பும்போது, "இன்னாக்கா, இவ்ளோ நாளா யாராண்டயும் சொல்லாம உட்டுட்டியே. சொல்லிகினா நாலு பேரு கண்ணு வெச்சிருப்போம்ல?" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அவளுக்கு அது இன்னும் அதிகமாக வலித்தது.

சாயங்காலம் ஸ்வாதி போன் செய்தாள். அப்பாவின் போட்டோ கல்லூரித் தோழி ஒருத்தி மூலம் அவளிடம் போயிருந்தது.

"இது உங்க அப்பாதானேன்னு அவ கேக்கறாம்மா. எங்க அப்பாவைக் காணோம்னு நான் ஃபார்வர்டு மெசேஜ்ல தெரிஞ்சுக்கணுமா?"

"உனக்காகத்தான் ஸ்வாதி..."

"எனக்காகன்னு சொல்லாதம்மா. தயவுசெஞ்சு அதை என் தலையில வெக்காத. எனக்குத் தெரிஞ்சிருந்தா மாசா மாசம் வந்திருப்பேன். அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டுக்கிட்டு இருந்தப்போ வந்திருப்பேன்."

மறுநாளே ஸ்வாதி வந்தாள். அவளோடு வந்த மாமியாரின் முகத்தைப் பார்க்க வனஜா பயந்தாள். அந்த அம்மாள் அழகேசனின் கட்டுப் போட்ட பாதங்களைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளும் நீங்க ஒருத்தரேவா பாத்தீங்க சம்பந்தி?" என்று மட்டும்தான் கேட்டாள். எந்தப் பேச்சுக்குப் பயந்து இத்தனை ஆண்டுகள் கதவைச் சாத்தினாளோ, அந்தப் பேச்சு வரவே இல்லை. வந்திருந்தால்கூடத் தான் மறைத்ததற்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும் என்று வனஜாவுக்குத் தோன்றியது.

ஸ்வாதி திரும்பிப் போன அன்றைக்கு மறுபடி பெல் அடித்தது. வாசலில் தட்சிணாமூர்த்தி. இளைத்துப்போயிருந்தார். கையிலிருந்த போனில் அதே போட்டோ. பென்ஷன்காரர்கள் குரூப்பில் வந்திருக்கிறது.

"எவ்வளவு காலமா இப்படி?" என்றார், வாசலிலேயே நின்றுகொண்டு.

"ஸ்வாதி கல்யாணத்துக்கு முன்னாடியே அண்ணா."

"அப்ப நான் வந்தப்போ..."

"ஆமாம். நான்தான் பொய் சொன்னேன்."

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "கல்யாணத்துல மாப்ள வீட்டுக்காரங்ககிட்ட நான் ஏதோ வாய் தவறிப் பேசிட்டேன், அதான் அவனுக்குக் கோவம்னு நெனச்சேன். உள்ளேர்ந்து அவன் குரல் கேட்டுச்சு. நீ இல்லைன்னு சொன்ன. அவன்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கான்னு நெனச்சுட்டேன். போடா, நீயே வந்தாத்தான் பேசுவேன்னு நானும் வீம்பா இருந்துட்டேன். பக்கத்துல பட்டாபிராம்தான். ஒரு தடவை கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்திருக்கலாம். வரலியே." வனஜாவை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவன் என்னை 'டேய்'னு கூப்பிடறப்பவே வந்திருப்பேனேம்மா."

வனஜா வழிவிட்டு ஒதுங்கினாள்.

அழகேசன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். வந்தவரைப் பார்த்து மரியாதையாக எழுந்திருக்கப் பார்த்தார். "வாங்க சார், உக்காருங்க. எந்த செக்‌ஷன் சார் நீங்க?"

தட்சிணாமூர்த்தி கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "அசெம்ப்ளி சார். புதுசா சேந்திருக்கேன்" என்றார்.

"அப்படியா? அங்க தச்சிணான்னு ஒருத்தன் இருப்பான். எது வேணும்னாலும் அவனைக் கேளுங்க. எனக்கு வேண்டியவன்."

"கேக்கறேன் சார்" என்ற தட்சிணாமூர்த்தி எழுந்து பால்கனிக்குப் போய் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரத்திலிருந்து அவர் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் வந்து அழகேசனை ஏரிக்கரைக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். புதிதாகச் சேர்ந்த தொழிலாளியாகவே நடந்தார். அழகேசன் அவருக்கு லேத் மெஷினைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருவார். பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். தட்சிணாமூர்த்தி எடுத்துக் கொடுக்காமல் காத்திருப்பார். நிஷா, வழியிலிருக்கும் டீக்கடை, மருந்துக்கடை, பூங்கா காவலர், ஆட்டோ ஸ்டாண்டு என்று ஒவ்வோர் இடமாகப் போய் வனஜாவையே பேச வைத்தாள். "இவர் என் வீட்டுக்காரர். மறதி நோய். தனியாப் பாத்தா கைய புடிச்சு உக்கார வெச்சு எனக்குப் போன் பண்ணுங்க." முதல் கடையில் வனஜா பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து சொன்னாள். டீக்கடைக்காரர் கேட்டுவிட்டு, "எங்க மாமனாருக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு" என்றார்.

நிஷா ஏன் இவ்வளவு செய்கிறாள் என்று வனஜா ஒருநாள் கேட்டாள்.

"எங்க அப்பாவுக்கும் இதுதான் ஆன்ட்டி. அம்மா ஒத்தையில பாத்துக்கிட்டாங்க. நான் இங்க இருந்துக்கிட்டு வீடியோ கால்ல 'அப்பா நல்லாருக்காங்களா'ன்னு கேட்டுட்டு வச்சிருவேன். அம்மாவும் 'நல்லாருக்காவ'ன்னு சொல்லுவா. ரெண்டு பேரும் பொய்தான். அப்பா போயி ரெண்டு வருஷமாச்சு" என்றாள். மடியிலிருந்த லேப்டாப்பை அவள் மூடிய விதத்தில் இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்பது தெரிந்தது.

குடியிருப்பின் பொது ஹாலில் மாதம் இரண்டு ஞாயிறு, இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூடலாம் என்று நிஷா ஏற்பாடு செய்தாள். முதியோர் கிளினிக் ஒன்றில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டார். தன்னைத் தவிர வேறு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துப் போன வனஜாவுக்கு ஆச்சரியம். போட்டிருந்த நாற்காலிகள் போதவில்லை. திருநின்றவூரிலிருந்து ஒருவர், வேப்பம்பட்டிலிருந்து தாயும் மகளும், அதே குடியிருப்பின் பின்பக்கக் கட்டடத்திலிருந்தே இரண்டு வீடுகள். இத்தனை காலம் வாசல் கேட்டில் பார்த்துத் தலையசைத்தவர்கள். நோயாளிகளைப் பக்கத்து அறையில் கேரம் போர்டுக்கு முன்னால் உட்கார வைத்து, தட்சிணாமூர்த்தியும் அவர் மனைவி புஷ்பாவும் பார்த்துக்கொண்டார்கள். அங்கே யாரும் யாருக்கும் ஆட்ட விதி சொல்லவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் ஒருவர், தன் அம்மாவை அறைந்துவிட்டதாகச் சொன்னார். தடித்த மனிதர். அவரை யாரும் திட்டவில்லை. நர்ஸ், "அதுக்கு முந்தின ராத்திரி நீங்க தூங்கினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார் அவர். "அடிச்சது தப்பு. உங்களைத் தூங்க விடாம வெச்சதும் தப்பு. ரெண்டாவது தப்புல எங்க எல்லாருக்கும் பங்கு இருக்கு" என்றார் நர்ஸ். எல்லோர் கண்ணும் கலங்கியது. வனஜாவுக்குக் கரண்டி ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. சொன்னால் மன்னித்துவிடுவார்கள் என்று தெரிந்தது. மன்னிப்பை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

உதவி வந்த பிறகும் உறுத்தல் குறையவில்லை. அழகேசனை ஏரிக்கரைக்கு அனுப்பிவிட்டு முதல் வெள்ளிக்கிழமை அவள் கட்டிலில் சாய்ந்தாள். அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். விழித்ததும், நன்றாக இருந்ததே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அன்றிரவு முழுவதும் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஸ்வாதிக்கு வளைகாப்பு வந்தது. போகமாட்டேன் என்றாள் வனஜா. அழகேசனை அவ்வளவு கூட்டத்துக்குள் கூட்டிப்போக முடியாது. விட்டுவிட்டும் போக முடியாது.

"நாங்க எங்க வீட்ல வெச்சுக்கறோம். போயிட்டு வா தங்கச்சி" என்றார் தட்சிணாமூர்த்தி. பழைய கணக்கை எண்ணியோ என்னவோ, அவரிடம் மறுத்துப் பேச அவளுக்குத் தைரியம் இல்லை.

கோயம்புத்தூரில் மகளுக்கு வளையல் அடுக்கினாள். கன்னத்தில் சந்தனம் பூசினாள். சம்பந்தியம்மாள் சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிக்கும் முன் அழகேசன் ஞாபகம் வந்தது. காலையிலிருந்து அவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எழுந்து போய்ப் புஷ்பாவுக்குப் போன் செய்தாள். "சாப்ட்டாரு, நல்லா இருக்காரு. நீ பொண்ணு பக்கத்துல போயி உக்காரு" என்று புஷ்பா வைத்துவிட்டாள்.

திரும்பி வந்த அன்று சென்ட்ரலில் மின்சார ரயில் பிடித்து நேராகப் பட்டாபிராமில் இறங்கினாள். அழகேசன் ஹாலில் உட்கார்ந்து புஷ்பாவோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முகம் சவரம் செய்து பளிச்சென்றிருந்தது. அவளை ஏறிட்டுப் பார்த்து, "வாங்க" என்றார். நகர்ந்து இடம் விட்டார். மறுபடி பூண்டைப் பார்த்தார்.

"தேடினாரா அக்கா?" என்று சமையலறையில் வனஜா கேட்டாள்.

புஷ்பா மறைத்துப் பேசுகிறவள் இல்லை. "மொத நாள் சாயங்காலம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் இல்ல."

வனஜாவுக்கு முதலில் நிம்மதி. அதன் பின்னாலேயே வலி. பிறகு, நிம்மதிப்பட்டதற்கான வெட்கம். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புஷ்பா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, அழுது முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

முந்தானையில் முகத்தைத் துடைத்தபின் வனஜா மெல்லக் கேட்டாள். "அக்கா, எனக்குக் கடவாப்பல்லு ரொம்ப நாளா வலி. பிடுங்கணும்னு சொல்லிட்டாங்க. ஒருநாள் இவரைப் பாத்துக்க முடியுமா?"

யாரிடமும் இப்படி அவள் கேட்டதில்லை. கேட்ட பிறகும் தலை நிமிரவில்லை.

"என்னிக்குன்னு சொல்லு" என்றாள் புஷ்பா.

ஹாலிலிருந்து அழகேசன் குரல் கொடுத்தார். "வீட்டுக்கு வந்திருக்காங்களே, அந்தம்மாவுக்குக் காபி குடுத்தீங்களா?"

"இதோ, கலந்துகிட்டே இருக்கேங்க" என்று புஷ்பா டம்ளரை நீட்டினாள். வனஜா அதை வாங்கிக்கொண்டு போய், அவர் விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.